ரூட்டும் ஸ்கொயரும் எப்போது அடிபடும்?

நீங்கள் கேட்டிருப்பது இது. க என்பது −1-க்கும் 3-க்கும் இடையில் உள்ள எண் எனில் √(க² − 6க + 9) + √(க² + 2க + 1) என்ற கோவையைச் சுருக்க வேண்டும். நீங்கள் 2க − 2 என்று விடை எழுதியிருக்கிறீர்கள். கையேட்டில் வெறும் 4 என்று போட்டிருக்கிறது. க எங்கே போனது, அச்சுப்பிழையா, அந்த நிபந்தனையை எதற்குக் கொடுத்தார்கள் என்பது முதல் கேள்வி. வர்க்கமூலம் உள்ள கோவைகளைச் சுருக்க ஒழுங்கான வழி ஏதாவது உண்டா, எந்த இடத்தில் போதும் என்று நிறுத்துவது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் கீழே இருக்கும் சந்தேகம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: √(க²) என்பது எப்போதும் க தானா? கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பல வருடமாக நுண்கணிதம் நடத்துகிறேன். விடைத்தாள்களில் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் எக்ஸ் என்று எழுதியதை இங்கே க என்று எழுதுகிறேன். பொதுவாகச் சொல்லும் இடங்களில் அ, ஆ என்று வைத்துக்கொள்கிறேன்.

கையேடு சொல்வது சரி. விடை 4 தான். விளக்கத்துக்கு முன்னால் நீங்களே சோதித்துப் பாருங்கள். க = 0 என்று வையுங்கள். நிபந்தனைக்குள் வரும் எண் அது. முதல் மூலத்துக்குள் 9, இரண்டாவதற்குள் 1. ஆக 3 + 1 = 4. உங்கள் விடையில் க = 0 போட்டால் −2 வருகிறது. இரண்டு வர்க்கமூலங்களைக் கூட்டி ஒரு குறை எண் வர வழியே இல்லை. க = 2 என்று வைத்தாலும் √1 + √9, அதாவது 1 + 3, மறுபடி 4. உங்கள் கோவையோ 2 என்கிறது. க = 5 என்று வைத்தால் மட்டும் √4 + √36 = 8 வந்து, 2க − 2 என்பதும் 8 தருகிறது. அதனால் உங்கள் விடை முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். அது க ≥ 3 என்ற பகுதிக்கான சரியான விடை. கேட்ட பகுதி வேறு.

நடந்தது என்ன என்று ஊகிப்பது சிரமமில்லை. க² − 6க + 9 = (க − 3)² என்றும் க² + 2க + 1 = (க + 1)² என்றும் காரணிப்படுத்தியிருப்பீர்கள். அது வரை எல்லாமே சரி. அப்புறம் ரூட் குறியின் மேல் ஒரு கோடு, இரண்டின் மேல் ஒரு கோடு. 'ரூட்டும் ஸ்கொயரும் அடிபட்டுப் போயிடும்' என்று வகுப்பில் சொல்லிப் பழகிய அந்தக் கோடு. மீதி க − 3 + க + 1 = 2க − 2. கோடு போட்ட அந்த ஒரு நொடியில்தான் கணக்கு தவறியது.

√ என்ற குறிக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: உள்ளே இருக்கும் எண்ணைத் தரும் குறையல்லாத வர்க்கமூலம். 9-ஐத் தரும் எண்கள் இரண்டு, 3-உம் −3-உம். ஆனால் √9 என்று எழுதினால் அது 3 மட்டுமே. 'பத்தாம் வகுப்பில் ±3 என்றுதானே எழுதினோம்' என்று பலர் கேட்பார்கள். அங்கே எழுதியது க² = 9 என்ற சமன்பாட்டின் தீர்வு. சமன்பாட்டுக்கு இரண்டு தீர்வுகள், குறிக்கு ஒரு மதிப்பு. இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தில் மூலக்குறிக்கு முன்னால் ± என்று தனியாகப் போடுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். √ என்பதே இரண்டு மதிப்பையும் தருமானால் அங்கே ± எதற்கு? இந்த வித்தியாசம் பழசுதான். மிகை எண்ணுக்கு மூலம் இரண்டு, மிகையும் குறையும். குறை எண் எதற்கும் வர்க்கமாக வராததால் அதற்கு மூலமில்லை என்று 12ஆம் நூற்றாண்டிலேயே இரண்டாம் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் சொல்லியிருக்கிறார். √ என்ற குறி வந்தது அதற்கு வெகு காலம் பிறகு. 1525இல் கிறிஸ்டோஃப் ருடால்ஃப் என்ற ஜெர்மன் கணிதர் அச்சில் கொண்டுவந்தார். உள்ளே இருப்பதை மூடும் மேல்கோட்டை 1637இல் பிரெஞ்சுக் கணிதர் டேகார்ட் சேர்த்தார். குறி என்று ஒன்று வந்தபின் அதற்கு ஒரே மதிப்பு இருந்தால்தான் கூட்ட, கழிக்க முடியும். குறையல்லாத மூலத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அவ்வளவே.

இந்த வரையறையை ஏற்றுக்கொண்டால் மற்றது தானாக வருகிறது. க = −5 என்றால் க² = 25, √25 = 5. நாம் தொடங்கிய −5 திரும்பி வரவில்லை, அதன் குறி மாறி 5 வந்தது. வர்க்கப்படுத்தும்போதே குறி அழிந்துவிட்டது. மூலம் எடுத்தால் அது எப்படித் திரும்பும்? ஆகவே எல்லா மெய்யெண்களுக்கும் பொருந்தும்படி எழுத வேண்டுமானால் √(க²) = |க|. இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடையில் எழுதும் தனி மதிப்பு. க குறையல்லாததாக இருந்தால் |க| = க. குறை எண்ணாக இருந்தால் |க| = −க. இந்த '−க' பலரைப் பயமுறுத்தும், முன்னால் கழித்தல் இருக்கிறதே என்று. க குறை எண் என்பதால் −க மிகை எண். −(−5) = 5, அவ்வளவுதான். வரிசையையும் கவனியுங்கள். முதலில் மூலம், பிறகு வர்க்கம் என்றால், அதாவது (√க)² என்றால், விடை க தான். ஏனென்றால் √க என்று எழுத முடிந்ததே க குறை எண்ணாக இல்லாததால். முதலில் வர்க்கம், பிறகு மூலம் என்றால்தான் |க|. 'அடிபடும்' என்ற பேச்சு இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். அது |க − 3| + |க + 1|. க, −1-க்கும் 3-க்கும் இடையில் இருப்பதால் க − 3 குறை எண், எனவே |க − 3| = 3 − க. க + 1 மிகை எண், எனவே அது அப்படியே இருக்கும். கூட்டினால் 3 − க + க + 1 = 4. க காணாமல் போனதற்கு ஒரு வடிவியல் காரணமும் உண்டு, எனக்கு இந்தக் கணக்கில் பிடித்ததே அதுதான். |க − 3| என்பது எண்கோட்டில் க-விலிருந்து 3 வரை உள்ள தூரம். |க + 1| என்பது க-விலிருந்து −1 வரை உள்ள தூரம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் சாலையில் எங்கே நின்றாலும், இந்தப் பக்கத் தூரத்தையும் அந்தப் பக்கத் தூரத்தையும் கூட்டினால் இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் வரும், நிற்கும் இடம் எதுவானாலும். 3-க்கும் −1-க்கும் நடுவிலுள்ள தூரம் 4. சாலையை விட்டு வெளியே போனால்தான் கூட்டல் மாறும்: க ≥ 3 என்றால் 2க − 2, க ≤ −1 என்றால் 2 − 2க. க = −4 போட்டுப் பாருங்கள், √49 + √9 = 10, 2 − 2க-வும் 10. ஆக, நிபந்தனை அலங்காரத்துக்காகக் கொடுத்ததில்லை. மூன்று விடைகளில் எது வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. நிபந்தனை கொடுக்காமல் சுருக்கச் சொல்லியிருந்தால் |க − 3| + |க + 1| என்பதோடு நிறுத்த வேண்டியதுதான்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலம் காணும் கணக்குகளுக்கு விடையைத் தனி மதிப்புக் கோடுகளுக்குள் போட்டிருப்பார்கள். பலர் அதை ஒரு அச்சு வழக்கம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். இதே விஷயம்தான் அது. அந்த வகைக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 64க⁴ − 16க³ + 17க² − 2க + 1. நீள்வகுத்தல் முறையில் இதன் மூலம் |8க² − க + 1| என்று வரும். இங்கே கோடுகளை எடுத்துவிட்டாலும் தவறில்லை. 8க² − க + 1 என்பதன் தன்மைகாட்டி 1 − 32 = −31, குறை எண்; முதல் கெழு மிகை எண். எனவே இந்தக் கோவை எந்த மெய்யெண்ணுக்கும் குறை எண்ணாக ஆகவே ஆகாது. கோடுகள் எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்பதை இப்படி யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'வர்க்கமூலம் வந்தால் கோடு போடு' என்று மனப்பாடம் செய்தால், அடுத்த கணக்கில் வேறு பக்கமாகச் சறுக்கும்.

ஒழுங்கான வழி கேட்டீர்கள். நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது, க எந்த மதிப்புகளை எடுக்கலாம் என்று பார்ப்பது. மூலத்துக்குள் குறை எண் வரக்கூடாது, பின்னத்தின் கீழே இருக்கும் பகுதியில் பூச்சியம் வரக்கூடாது. இதைப் பார்த்தாலே பாதிக் கணக்குகளில் தனி மதிப்பு தேவையா இல்லையா என்று தெரிந்துவிடும். √(50க³) − க√(8க) என்பதை எடுங்கள். க³-உம் 8க-வும் குறை எண்ணாகக் கூடாது என்பதால் க ≥ 0 என்பது கோவைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பிறகு உள்ளிருக்கும் முழு வர்க்கங்களைப் பிரித்தெடுக்க வேண்டும்: 50க³ = 25க² × 2க, 8க = 4 × 2க. வெளியே எடுத்தால் 5க√(2க) − 2க√(2க) = 3க√(2க). கோடுகள் தேவைப்படவில்லை, ஏனென்றால் க குறையல்லாதது என்று முன்பே தெரியும். க = 2 போட்டால் √400 − 2√16 = 20 − 8 = 12; 3 × 2 × √4-உம் 12. ஆனால் √(50க²) என்றால் கதை வேறு. அங்கே க எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம், எனவே 5√2 |க|. √(க⁴) என்பதற்குக் க² போதும், க² எப்படியும் குறை எண்ணாகாது. √(க⁶) என்றால் |க³|.

வெளியே எடுப்பதில் இருக்கும் கவனம் உள்ளே தள்ளுவதிலும் வேண்டும். இதற்கு க√(−1/க) என்ற சின்னக் கோவையை எப்போதும் காட்டுவேன். மூலத்துக்குள் −1/க மிகையாக இருக்க வேண்டுமானால் க குறை எண்ணாகத்தான் இருக்க முடியும். அவசரமாக க-வை க² ஆக்கி உள்ளே தள்ளினால் √(க² × (−1/க)) = √(−க) என்று வரும். க = −4 போட்டுப் பாருங்கள். முதல் கோவை −4 × √(1/4) = −2. சுருக்கியதோ √4 = 2. குறி தவறிவிட்டது. க குறை எண் என்பதால் க = −√(க²) என்று எழுதித்தான் உள்ளே தள்ள வேண்டும்; சரியான விடை −√(−க). மூன்றே எழுத்தில் இருக்கும் இந்தக் கணக்கு, பெரிய பெரிய பயிற்சிகள் சொல்லித்தராததைச் சொல்லித்தருகிறது.

√அ × √ஆ = √(அஆ) என்ற விதியும் நிபந்தனையோடு வருவதுதான். அ, ஆ இரண்டும் குறையல்லாதவையாக இருந்தால் சந்தேகமில்லாமல் சரி. ஆனால் √(க(க − 2)) என்பதை √க × √(க − 2) என்று பிரித்தால், க = −1 என்ற இடத்தில் முதலாவது √3, இரண்டாவது மெய்யெண்களில் பொருளே இல்லாதது. பிரித்தபோது கோவை வாழும் இடம் சுருங்கிவிட்டது. கூட்டலுக்கோ இப்படி ஒரு விதி இல்லவே இல்லை. √(9 + 16) = 5, √9 + √16 = 7. இதைத் தெரியாதவர் யாருமில்லை, ஆனாலும் √(க² + 16) என்று எழுத்தில் வந்தவுடன் க + 4 என்று எழுதும் கை இருக்கத்தான் செய்கிறது.

எண் போட்டுச் சோதிக்கச் சொல்கிறேனே, அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 0, 1 இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். இப்போது சொன்ன √(க² + 16)-இல் க = 0 போட்டால் 4 வருகிறது, தவறான க + 4-உம் 4 தருகிறது. தவறு ஒளிந்துகொள்ள ஏற்ற இடங்கள் அவை. ஒரு மிகை எண், ஒரு குறை எண், முடிந்தால் ஒரு பின்னம். இன்னொன்றும் தெளிவாகச் சொல்ல வேண்டும். எண் போட்டுப் பார்ப்பது ஒரு விடையைத் தவறு என்று உறுதியாகக் காட்டும். சரி என்று நிரூபிக்காது. க = 5 மட்டும் போட்டுப் பார்த்திருந்தால் உங்கள் 2க − 2 கூடத் தேர்வாகியிருக்கும்.

பகுதியில் மூலம் இருந்தால் இணைக்கோவையால், அதாவது நடுவிலுள்ள குறியை மட்டும் மாற்றிய கோவையால், பெருக்குவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். (√5 + √3)/(√5 − √3) என்பதன் மேலும் கீழும் √5 + √3-ஆல் பெருக்கினால் (8 + 2√15)/2 = 4 + √15. மாறி உள்ள இடத்திலும் இதே வேலைதான், ஆனால் எதை இழந்தோம் என்று குறித்துவைக்க வேண்டும். (க − 9)/(√க − 3) என்பது √க + 3 ஆகச் சுருங்கும். சுருக்கிய கோவையில் க = 9 போடலாம், 6 வரும். சுருக்குவதற்கு முன் இருந்த கோவையில் போட்டால் 0/0. எனவே விடையோடு க ≠ 9 என்பதையும் எழுத வேண்டும். இந்த 6-க்கு எல்லை மதிப்பு என்று ஒரு பெயரும் பெரிய உபயோகமும் உண்டு, நுண்கணிதம் படிக்கும்போது பார்ப்பீர்கள்.

மூலத்துக்குள் மூலம் வரும் அடுக்கு மூலங்களைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் போட்டித் தேர்வுக்குப் படிப்பதாகச் சொன்னீர்கள், அங்கே √(7 + 4√3) போன்றவை அடிக்கடி வரும். இதற்கு ஊகம் தேவையில்லை. 4√3-ஐ √48 என்று உள்ளே தள்ளி √(7 + √48) என்று எழுதுங்கள். 7² − 48 = 1. அது முழு வர்க்கம், அதன் மூலம் 1. இப்போது (7 + 1)/2 = 4, (7 − 1)/2 = 3. விடை √4 + √3 = 2 + √3. பொதுவாக √(அ + √ஆ) என்பதில் அ, ஆ விகிதமுறு எண்களாகவும் √ஆ விகிதமுறா எண்ணாகவும் இருந்தால், அ² − ஆ ஒரு விகிதமுறு எண்ணின் வர்க்கமாக இருக்கும்போது மட்டும்தான் அது இரண்டு சாதாரண வர்க்கமூலங்களின் கூட்டலாகப் பிரியும். இதை உறுதியாகச் சொல்லலாம், நிரூபணம் ஒரு பக்கத்தில் அடங்கும். √(5 + √2)-இல் 25 − 2 = 23, வர்க்கமில்லை; அதை அப்படியே விட்டுவிடுங்கள், பிரிக்கப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கழித்தல் உள்ள வடிவத்தில் மறுபடி நம் பழைய விஷயம் தலைகாட்டும். √(3 − 2√2) என்பது (√2 − 1)² என்பதன் மூலம்தான், (1 − √2)² என்று எழுதினாலும் உள்ளே அதே எண்தான். ஆனால் விடை √2 − 1. மற்றது குறை எண். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் 1 − √2 என்பதும் ஒரு விடையாகக் காத்திருக்கும்.

'சாதாரண வர்க்கமூலங்களின் கூட்டலாக' என்று அழுத்திச் சொன்னேன், காரணம் இருக்கிறது. நான்காம் மூலத்தை அனுமதித்தால் வேறு சிலவும் பிரியும். √(4 + 3√2) என்பதில் 16 − 18 = −2, மேலே சொன்ன வழியில் பிரியாது. ஆனால் அது ⁴√2 × (1 + √2)-க்குச் சமம்; வர்க்கப்படுத்தினால் √2 × (3 + 2√2) = 4 + 3√2 என்று வந்துவிடும். ஆகவே 'பிரியாது' என்று யாராவது சொன்னால், எந்த வகை மூலங்களைக் கொண்டு பிரியாது என்றும் கேட்க வேண்டும். பாஸ்கரரிடம் இதற்கு அழகான ஒரு எடுத்துக்காட்டு உண்டு: √(10 + √24 + √40 + √60) = √2 + √3 + √5. வர்க்கப்படுத்திப் பார்த்தால் உடனே தெரியும். நம்மூர் ராமானுஜன் இதில் இன்னும் தூரம் போனவர். ∛5 − ∛4 என்பதன் வர்க்கமூலம் (∛2 + ∛20 − ∛25)/3 என்று காட்டியிருக்கிறார். இரண்டு பக்கமும் ஏறத்தாழ 0.3501 வரும். 1911இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் √(1 + 2√(1 + 3√(1 + 4√…))) என்று முடிவில்லாமல் போகும் அடுக்கின் மதிப்பு என்ன என்று கேட்டவரும் அவரே. விடை 3. வர்க்கமூலங்களை மட்டும் கொண்ட அடுக்குகளைக் குறைக்கக் கணினிக்கான வழிமுறை 1985இல்தான் போரோடின், ஃபேகின், ஹாப்கிராஃப்ட், டோம்பா ஆகியோரின் ஆய்வுக் கட்டுரையில் வந்தது. எல்லா வகை மூலங்களுக்குமான பொது வழிமுறையை அதற்குச் சில ஆண்டுகள் கழித்துச் சூசன் லாண்டாவ் கொடுத்தார். அவை கையால் செய்யும் அளவு எளிமையானவை அல்ல. ஈரடுக்கைத் தாண்டிப் போனால் என்னிடமும் நம்பகமான குறுக்குவழி எதுவுமில்லை, கணினியிடம்தான் கொடுப்பேன்.

கணினி என்றதும் ஒன்று. சிம்பை போன்ற இயற்கணித மென்பொருளில் √(க²) என்று தட்டினால் அது சுருக்காமல் அப்படியே திருப்பித் தரும். பழுது என்று நினைக்காதீர்கள். க மிகை எண் என்று முன்பே அறிவித்தால் க தரும். மெய்யெண் என்று மட்டும் அறிவித்தால் |க| தரும். எதுவும் சொல்லாவிட்டால் க கலப்பெண்ணாகவும் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளும், அங்கே க-வும் சரிவராது, |க|-வும் சரிவராது. மென்பொருள் காட்டும் இந்த நிதானத்தைத்தான் மாணவர்களிடம் எதிர்பார்க்கிறேன். மேல்படிப்பில் இதன் விலை பெரிது. 0 முதல் π வரை √(1 + காஸ் 2க)-வைத் தொகையிடச் சொன்னால், உள்ளே இருப்பது 2காஸ்²க. கோடு போட்டு அடித்து √2 காஸ் க என்று எழுதினால் தொகை 0 வரும். எப்போதும் குறையல்லாத, பெரும்பாலும் மிகையான ஒன்றின் கீழுள்ள பரப்பு பூச்சியமாக எப்படி இருக்கும்? √2 |காஸ் க| என்று எழுதிப் பாதியில் பிரித்துத் தொகையிட்டால் 2√2. பொறியியல் முதலாண்டில் ஆண்டுதோறும் இந்த 0-வைப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் பள்ளியில் யாராவது ஒரு நாள் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்கலாமே என்று வருத்தமாக இருக்கிறது.

கடைசியாக, எங்கே நிறுத்துவது என்ற கேள்வி. இதுவரை சொன்னவை கணிதம், அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. இது வழக்கம் சார்ந்தது. மூலத்துக்குள் முழு வர்க்கக் காரணி இருக்கக்கூடாது, மூலத்துக்குள் பின்னம் இருக்கக்கூடாது, பகுதியில் மூலம் இருக்கக்கூடாது, ஒத்த மூலங்களைச் சேர்த்திருக்க வேண்டும் என்பதைப் பள்ளிக் கணக்குகளில் எளிய வடிவம் என்று வைத்திருக்கிறார்கள். இவற்றில் பகுதியில் மூலம் கூடாது என்பதற்குக் கையால் வகுத்த காலத்தில் நல்ல காரணம் இருந்தது. 1/√2-இன் மதிப்புக்கு 1-ஐ 1.41421-ஆல் வகுக்க வேண்டும். √2/2 என்றால் 1.41421-ஐ இரண்டால் வகுத்தால் போதும், 0.7071 என்று மனக்கணக்கிலேயே வந்துவிடும். இன்று கால்குலேட்டர் இருக்கும்போது 1/√2 என்று விட்டுவிடுவதில் கணிதப் பிழை எதுவும் இல்லை. இயற்பியலிலும் புள்ளியியலிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் தேர்வில் பகுதியை விகிதமுறு எண்ணாக்கச் சொல்லியிருந்தால், ஆக்கித்தான் காட்ட வேண்டும்.

சில நேரம் இதற்கு நேர் எதிரான வேலையும் செய்ய வேண்டியிருக்கும். √(க + 1) − √க என்பது பார்க்க எளிதாக, பகுதியே இல்லாமல் இருக்கிறது. க-வுக்கு 10¹² போட்டு, பத்து இலக்கம் வைத்துக் கணக்கிடும் கால்குலேட்டரில் தட்டினால் இரண்டு மூலங்களும் 1000000 என்றே வரும், வித்தியாசம் 0. உண்மையில் அது ஏறத்தாழ 0.0000005. மேலும் கீழும் இணைக்கோவையால் பெருக்கி 1/(√(க + 1) + √க) என்று மாற்றினால், அதே கால்குலேட்டர் 1-ஐ 2000000-ஆல் வகுத்துச் சரியான மதிப்பைக் கொடுத்துவிடும். பள்ளியில் பகுதியிலிருந்து மூலத்தை விரட்டினோம். இங்கே வேண்டுமென்றே பகுதிக்குள் கொண்டுபோகிறோம். நிரல் எழுதுகிறவர்களுக்கு இது அன்றாட வேலை. எது எளிய வடிவம் என்பது அடுத்து அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

பழகிப் பார்க்க ஒன்று தருகிறேன், உங்கள் கணக்குக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி: √(க² − 10க + 25) − √(க²). க, 0-க்கும் 5-க்கும் இடையில் இருந்தால் 5 − 2க வர வேண்டும். க ≥ 5 என்றால் என்ன, க ≤ 0 என்றால் என்ன என்று எண்கோட்டை வரைந்து போட்டுப் பாருங்கள். இரண்டிலும் க காணாமல் போய் வெறும் எண் மட்டும் மிஞ்சினால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.